கோட்டையைக் காத்த கவர்னர் கைதியாகச் செத்தார்!

மரக்காணம் கடற்கரையில் பொழுது விடிந்தால் உப்பளத்தில் வேலை தொடங்கி விடும். பாத்தி பாத்தியாகத் தேங்கிய உப்புநீர் வெயிலில் காயும். வாரிக் குவித்த உப்பு, வரப்பு ஓரத்தில் வெள்ளை மலை போல நிற்கும். அந்தக் கரையோரமாகவே வடக்கே போனால் கடப்பாக்கம். அதன் அருகே, கழிமுகத்தின் கரையில், இடிந்த கோட்டை ஒன்று இருக்கிறது. அதுதான் ஆலம்பரைக் கோட்டை.

இன்று அங்கே எஞ்சி இருப்பவை செங்கல் சுவர்களும் சுண்ணாம்புக் காரையும்தான். ஒரு காலத்தில் அது செல்வம் கொழித்த துறைமுகம். உப்பும் துணியும் அங்கிருந்து கப்பல் ஏறின. நாணயச்சாலையும் இருந்தது. 1750-ம் ஆண்டில் அந்தக் கோட்டை பிரெஞ்சு கவர்னர் டூப்ளே கைக்கு வந்தது. பத்தே ஆண்டுகளில் ஆங்கிலேயர் அதைப் பிடித்தார்கள். பிறகு இடித்தும் போட்டார்கள்.

அப்போது சென்னைக் கோட்டையில் கவர்னராக இருந்தவர் ஜார்ஜ் பிகட். பிரெஞ்சுக்காரரின் கோட்டைகள் ஒவ்வொன்றாக விழுந்தது அவருடைய ஆட்சியில்தான். புதுச்சேரியும் அவர் காலத்தில்தான் விழுந்தது. சீமைக்குப் போய்ப் பெரிய பண்ணைக்கு உரிமையாளர் ஆனார். பார்லிமெண்டு மெம்பர் ஆனார். பிரபுப் பட்டமும் பெற்றார்.

அப்படிப்பட்டவர் கடைசியில் கைதியாகச் செத்தார். கைது செய்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள் அல்ல. அவருடைய சொந்த ஆட்கள்!

5 பவுன் சம்பளம்

ஜார்ஜ் பிகட் 1719-ம் ஆண்டு மார்ச் 4-ந் தேதி லண்டனில் பிறந்தார். அவருடைய தாயார் பிரான்சிஸ், அரண்மனையில் காரோலின் ராணிக்குத் தலை அலங்காரம் செய்யும் பணிப்பெண். அரண்மனை வாசலை அறிந்த குடும்பமே தவிர, நிலபுலம் உள்ள குடும்பம் அல்ல.

பிகட்டுக்குப் பின் பிறந்த தம்பிகள் இருவர். ராபர்ட் பட்டாளத்தில் சேர்ந்து ஜெனரல் ஆனார். அமெரிக்கச் சுதந்திரப் போரில் பங்கர் குன்றுச் சண்டையில் ஆங்கிலேயர் பக்கம் நின்று போரிட்டவர் இவர்தான். இன்னொரு தம்பி ஹியூ, கடற்படையில் சேர்ந்து அட்மிரல் ஆனார். மூத்தவர் ஜார்ஜ், கிழக்கிந்தியக் கும்பினியில் குமாஸ்தா ஆனார்.

1737-ல் அவர் சென்னைக்கு வந்து இறங்கியபோது வயது 18. அந்தக் காலத்தில் கும்பினி குமாஸ்தாவுக்கு வருடச் சம்பளம் 5 பவுன். அதை வைத்துக்கொண்டு யாரும் பிழைக்க முடியாது. ஆகையால் எல்லோரும் சொந்த வியாபாரம் செய்தார்கள். துணி வாங்கி விற்றார்கள். வட்டிக்குக் கொடுத்தார்கள். கும்பினியும் கண்டும் காணாமல் இருந்தது. பின்னால் நடந்த எல்லாக் கேட்டுக்கும் வித்து அங்கேதான் விழுந்தது.

1746-ல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துக் கொண்டார்கள். ஆங்கிலேயரின் தலைமையிடம், கடலூர் அருகே தேவனாம்பட்டினத்தில் இருந்த செயின்ட் டேவிட் கோட்டைக்கு மாறியது. 1749-ல்தான் சென்னை அவர்களுக்குத் திரும்பக் கிடைத்தது.

கிளைவுடன் தப்பினார்

1751-ம் ஆண்டு. கர்நாடகத்தின் நவாபு யார் என்ற சண்டை மூண்டிருந்தது. சந்தா சாகிபைப் பிரெஞ்சுக்காரர் ஆதரித்தார்கள். முகம்மது அலியை ஆங்கிலேயர் ஆதரித்தார்கள். முகம்மது அலி திருச்சியில் முற்றுகைக்கு உள்ளாகி இருந்தார்.

அவருக்குப் போகும் படைக்கும் தளவாடத்துக்கும் விருத்தாசலம் வரை துணை போனவர்கள் இருவர். ஒருவர், அப்போது கவுன்சில் மெம்பராக இருந்த பிகட். மற்றவர், ராபர்ட் கிளைவ். வேலையை முடித்துவிட்டு இருவரும் சில சிப்பாய்களுடன் திரும்பினார்கள். வழியில் பாளையக்காரரின் ஆட்கள் சூழ்ந்து கொண்டார்கள். துப்பாக்கி வெடித்தது. சிப்பாய்கள் பலர் மாண்டார்கள். மருந்தும் தீர்ந்தது. பிகட்டும் கிளைவும் குதிரையைத் தட்டி விட்டார்கள். குதிரையின் வேகம்தான் இருவர் உயிரையும் காத்தது.

அன்று அந்தக் குதிரைகள் இடறி இருந்தால் இந்திய சரித்திரமே வேறு மாதிரி ஆகி இருக்கலாம்.

1755-ம் ஆண்டு ஜனவரியில் பிகட் சென்னை கவர்னர் ஆனார். வயது 35.

இரண்டு மாத முற்றுகை

1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி பெரும் படையுடன் சென்னைக்கு வந்தான். கருப்பர் பட்டணத்தைப் பிடித்துக்கொண்டு, கோட்டையை முற்றுகையிட்டான்.

கோட்டைக்குள் படையை நடத்தியவர் கிழத் தளபதி லாரன்ஸ். கஜானாவையும் உணவையும் மக்களையும் கவனித்தவர் பிகட். கோட்டையைக் கைவிடாமல் காத்து, எதிரி திரும்பி ஓடினால் படைவீரர்களுக்கு 50 ஆயிரம் ரூபாய் பங்கிட்டுத் தரப்படும் என்று அவர் அறிவித்தார். வெளியிலிருந்து பிரெஞ்சுப் படையை ஓயாமல் தொல்லை செய்தவர், நம் நாட்டுப் பெருவீரர் கான் சாகிப். மருதநாயகம் என்று மக்கள் சொல்லும் யூசுப் கான் அவர்தான்.

லாலியிடம் பணம் இல்லை. வெடிமருந்து குறைந்தது. 1759 பிப்ரவரியில் ஆங்கிலக் கப்பல்கள் கடலில் தெரிந்ததும் முற்றுகையைக் கைவிட்டுப் போனான்.

1760 ஜனவரி 22-ல் வந்தவாசிச் சண்டை. கூட் என்ற ஆங்கிலத் தளபதி லாலியை முறியடித்தார். அதன்பிறகு பிரெஞ்சுக்காரரின் கோட்டைகள் மளமளவென்று விழுந்தன. திண்டிவனத்துக்கும் மரக்காணத்துக்கும் இடையே உள்ள பெருமுக்கல் விழுந்தது. ஆலம்பரை விழுந்தது. காரைக்கால் விழுந்தது. புதுச்சேரி இன்னும் விழாமல் நின்றது.

1761-ம் ஆண்டு புத்தாண்டு நாளில் இந்தக் கரையில் பெரும் புயல் அடித்தது. புதுச்சேரியை வளைத்து நின்ற ஆங்கிலக் கப்பல்கள் பல மூழ்கின. ஆனாலும் முற்றுகை தளரவில்லை. ஜனவரி 16-ந் தேதி லாலி சரண் அடைந்தான்.

உடனே ஆங்கிலேயருக்குள்ளேயே தகராறு வந்தது. புதுச்சேரி அரசருக்குச் சொந்தமா, கும்பினிக்குச் சொந்தமா? பட்டாளத்தார் விட்டுக்கொடுக்க மறுத்தார்கள். கும்பினியிடம் ஒப்படைக்காவிட்டால் படைச் செலவுக்குப் பணம் கிடையாது என்று பிகட் சொல்லி விட்டார். பட்டாளத்தார் பணிந்தார்கள். பிறகு புதுச்சேரிக் கோட்டை தரைமட்டம் ஆக்கப்பட்டது.

பணப் பையைப் பிடித்தவன் பட்டாளத்தையும் பிடிப்பான் என்பதை அன்று பிகட் காட்டினார். பிற்காலத்தில் அதே பாடத்தை வேறு ஆட்கள் அவருக்கே படித்துக் காட்டினார்கள்.

துபாஷ் முதலியார்

பிகட்டுக்குத் துபாஷாக இருந்தவர் மணலி முத்துக்கிருஷ்ண முதலியார். கவர்னருக்கும் ஊராருக்கும் நடுவே நின்று பேசியவர்.

கோட்டைக்கு வடக்கே பழைய பட்டணம் கோவில் இருந்தது. இன்று ஐகோர்ட்டு இருக்கும் இடம் அது. கோட்டையின் பாதுகாப்புக்காக 1757-ல் கும்பினியார் அந்தக் கோவிலை இடித்தார்கள். மக்கள் மனம் கொதித்தது. பிகட் காலத்திலேயே, 1762-ல், வேறு இடம் கொடுக்கப்பட்டது. முதலியார் தாமும் பெரும்பொருள் கொடுத்து, மற்றவரிடமும் திரட்டி, சென்னகேசவப் பெருமாளுக்கும் சென்னமல்லீசுவரருக்கும் கோவில் எழுப்பினார். பூக்கடை அருகே இன்றும் அந்த இரட்டைக் கோவில் இருக்கிறது.

ராம நாடகக் கீர்த்தனை பாடிய சீர்காழி அருணாசலக் கவிராயரை ஆதரித்த வள்ளலும் இந்த முதலியார்தான்.

பட்டமும் பண்ணையும்

1763-ன் கடைசியில் பிகட் சீமைக்குக் கப்பல் ஏறினார். அவர் கொண்டுபோன சொத்து 4 லட்சம் பவுன் இருக்கும் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். 5 பவுன் சம்பளத்தில் வந்தவர்! நவாபின் பரிசும், வட்டியும், வியாபாரமும் சேர்ந்த பணம் அது. நவாபுக்குப் பணம் கொடுத்தது யார்? ஆர்க்காட்டுச் சீமையின் குடியானவன்தான்.

பணம் வந்தது, அடுத்து மதிப்பு வேண்டுமே! அந்தக் காலத்து இங்கிலாந்தில் நிலம் இருந்தால்தான் மதிப்பு. ஸ்டாபோர்டுஷயரில் பாட்ஷல் என்ற பண்ணையை 1 லட்சம் பவுனுக்கு வாங்கினார். 1764-ல் பாரனெட் பட்டம் வந்தது. 1765-ல் பார்லிமெண்டு மெம்பர் ஆனார். 1768 முதல் சாகும் வரை பிரிட்ஜ்நார்த் தொகுதியின் மெம்பர் அவர்தான்.

1766 ஜனவரியில் பிரபுப் பட்டம் கிடைத்தது. ஆனால், அது அயர்லாந்துப் பட்டம். அயர்லாந்துப் பட்டம் பெற்றவர் லண்டனில் பிரபுக்கள் சபையில் உட்கார முடியாது. மக்கள் சபையில் மெம்பராக இருக்கலாம். பாட்ஷல் இருப்பது இங்கிலாந்தில். பட்டத்துக்காக அது அயர்லாந்தில் டப்ளின் மாவட்டத்தில் இருப்பதாக எழுதிக் கொண்டார்கள்!

அதே 1766-ம் ஆண்டு மே மாதம், அவரிடம் தோற்ற லாலியின் தலை பாரிஸ் நகரில் வெட்டப்பட்டது. துரோகி என்று சொந்த நாட்டாரே தீர்ப்புச் சொன்னார்கள். வென்றவருக்குப் பட்டம், தோற்றவனுக்குக் கத்தி. ஆனால், வென்றவரின் கதை அதோடு முடியவில்லை.

தஞ்சாவூர் ராஜா

1773-ல் நவாபு முகம்மது அலி, கும்பினிப் படையின் உதவியோடு தஞ்சாவூரைப் பிடித்தார். துளஜா ராஜா கைதியானார். காவிரி பாயும் சோழ நாடு நவாபு கைக்குப் போயிற்று.

நவாபு கடனில் மூழ்கிக் கிடந்தார். கடன் கொடுத்தவர்கள் பெரும்பாலும் கும்பினியின் சொந்த உத்தியோகஸ்தர்கள். நவாபு அவர்களுக்குத் தஞ்சாவூர் வரி வருமானத்தை எழுதிக் கொடுத்தார். குடியானவன் நாற்று நட்டு, களை பறித்து, கதிர் முற்றும் முன்பே அது சென்னைத் துரைக்கு அடமானம்!

சீமையில் இருந்த கும்பினி டைரக்டர்கள் இதை ஒப்பவில்லை. ராஜாவுக்கு நாட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று தீர்மானித்தார்கள். அதைச் செய்யப் பிகட்டே மறுபடியும் கவர்னராக அனுப்பப்பட்டார். 1775 டிசம்பரில் சென்னைக்கு வந்தார். வயது 56. பணம், பண்ணை, பட்டம் எல்லாம் இருந்தன. வராமல் இருந்திருக்கலாம். வந்தார்.

வந்தவர் தாமதிக்கவில்லை. தாமே தஞ்சாவூருக்குப் போனார். 1776 ஏப்ரல் 11-ந் தேதி துளஜா ராஜாவை மறுபடியும் அரியணையில் உட்கார வைத்தார். இந்தக் காரியத்தைத் தள்ளிப் போட்டால் போதும், பெருந்தொகை தருவதாக அவரிடம் பேரம் பேசப்பட்டது என்று, பிற்காலத்தில் அவருடைய தம்பி ஹியூ பார்லிமெண்டில் சொன்னார்.

பென்பீல்டு வந்தான்

பால் பென்பீல்டு என்று ஒருவன். கும்பினியில் சிறிய உத்தியோகம். அவன் எழுந்து நின்று, தஞ்சாவூர் வருமானத்தின்மீதும் அங்குள்ள ஆட்கள்மீதும் தனக்கு 2 லட்சத்து 34 ஆயிரம் பவுன் பாக்கி இருப்பதாகச் சொன்னான். நவாபு எழுதிக் கொடுத்தது என்றான். ராஜா வந்துவிட்டால் அவ்வளவும் போய்விடும்.

ஆதாரத்தைக் காட்டு என்றார் பிகட். சரியான ஆதாரம் இல்லை. கவுன்சில் முதலில் அவன் கோரிக்கையைத் தள்ளியது. பிறகு அதே கவுன்சில் மனம் மாறியது. கவுன்சில் மெம்பர்கள் பலருக்கே நவாபிடம் பாக்கி இருந்தது. பென்பீல்டின் கணக்கு பொய் என்றால், அவர்கள் கணக்கும் பொய்தானே!

தஞ்சாவூருக்கு யாரை அனுப்புவது என்பதில் சண்டை முற்றியது. ரஸ்ஸல் என்பவரை அனுப்பப் பிகட் விரும்பினார். கர்னல் ஸ்டூவர்ட்டை அனுப்ப எதிர்க்கட்சியார் விரும்பினார்கள். எதிர்க்கட்சிக்குத்தான் ஓட்டு அதிகம். கவர்னர் சம்மதம் இல்லாமல் கவுன்சில் ஒன்றும் செய்ய முடியாது என்றார் பிகட். பெரும்பான்மைதான் சர்க்கார் என்றார்கள் அவர்கள்.

பிகட் ஒரு தந்திரம் செய்தார். எதிரிகளில் இருவர்மீது குற்றப் பத்திரிகை கொடுத்தார். குற்றம் சாட்டப்பட்டவர் ஓட்டுப் போட முடியாது. அதனால் ஓட்டு சமமாயிற்று. தம் தனி ஓட்டைப் போட்டு இருவரையும் சஸ்பெண்டு செய்தார். சட்டத்துக்குள் நின்று அவர் செய்தது அவ்வளவுதான். ஆனால், அதில் நிதானம் இல்லை. கோபம் இருந்தது. தனித்தனியாக இருந்த எதிரிகள் அந்தக் கோபத்தால் ஒன்று திரண்டார்கள். தாங்களே சர்க்கார் என்று அறிவித்து, பட்டாளத்துக்கு உத்தரவு போட்டார்கள்.

தீவுத்திடலில் நடந்தது

1776 ஆகஸ்டு 24. சனிக்கிழமை. கர்னல் ஸ்டூவர்ட் காலையில் கவர்னர் வீட்டில் பலகாரம் சாப்பிட்டார். பகலில் அவருடனேயே உட்கார்ந்து விருந்தும் சாப்பிட்டார். மாலையில் கவர்னர் தம் வண்டியில் புறப்பட்டார். ஸ்டூவர்ட்டும் அதே வண்டியில் பக்கத்தில் உட்கார்ந்தார். கோட்டையிலிருந்து கும்பினித் தோட்ட மாளிகைக்குப் பயணம். இன்று ஓமந்தூரார் அரசினர் தோட்டம் இருக்கும் இடம்தான் அது.

வண்டி தீவுத்திடலுக்கு வந்தது. வழியில் சிப்பாய்கள் மறித்தார்கள். துப்பாக்கியுடன் ஓர் அதிகாரி வந்து, கைது செய்வதாகச் சொன்னான். பக்கத்தில் இருந்த ஸ்டூவர்ட்டே கவர்னரை இறங்கச் சொன்னார். எல்லாம் அவர் போட்ட திட்டம்!

கோட்டைக்குள் கவர்னர்தான் பட்டாளத்துக்கும் தலைவர். அங்கே அவரைப் பிடித்தால் அது கலகக் குற்றம். ஆகையால் கோட்டைக்கு வெளியே வரும்வரை காத்திருந்தார்கள்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது நம் பழமொழி. ஸ்டூவர்ட் சாப்பிட்ட உப்பு பொழுது சாயும் வரைகூடத் தங்கவில்லை.

பிகட்டைப் பரங்கிமலைக்குக் கொண்டு போனார்கள். பட்டாள அதிகாரி ஒருவரின் வீட்டில் காவலில் வைத்தார்கள். ஸ்டிராட்டன் என்பவர் கவர்னர் நாற்காலியில் உட்கார்ந்தார். கல்கத்தாவில் இருந்த வாரன் ஹேஸ்டிங்ஸ் சர்க்காரும் புதிய ஆட்களையே ஏற்றுக்கொண்டது.

தாமதமாக வந்த உத்தரவு

அன்று சென்னைக்கும் லண்டனுக்கும் கடிதம் போய்வர ஓராண்டு ஆகும். 1777 வசந்த காலத்தில்தான் செய்தி லண்டனில் பரபரப்பை மூட்டியது. பங்குதாரர்கள் கூடினார்கள். பிகட்டை மறுபடியும் கவர்னராக வைக்க வேண்டும் என்று முடிவானது. கூடவே, அவரையும் எதிரிகளையும் சீமைக்குத் திரும்பி வரச் சொல்லியும் முடிவானது.

அந்த உத்தரவு கடலில் வந்துகொண்டிருந்தது. இங்கே பரங்கிமலையில் சித்திரை வெயில் கொளுத்தியது. பிகட் நோயில் விழுந்தார். மிகவும் மோசமானதும் தோட்ட மாளிகைக்குக் கொண்டு வந்தார்கள். 1777 மே 11-ந் தேதி உயிர் பிரிந்தது. கைதாகி எட்டரை மாதம். வயது 58.

விடுதலை உத்தரவு வந்து சேர்ந்தது ஆகஸ்டு மாதக் கடைசியில். பெற்றுக்கொள்ள ஆள் இல்லை.

இது கொலை என்று சென்னையில் மரண விசாரணை ஜூரிகள் சொன்னார்கள். ஆனால், கொலை வழக்கு நிற்கவில்லை. தம்பி ஹியூ 1779-ல் பார்லிமெண்டில் பிரச்சினையைக் கிளப்பினார். ஸ்டிராட்டன் உள்பட நால்வர்மீது லண்டனில் வழக்கு நடந்தது. குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. தண்டனை, ஆளுக்கு 1,000 பவுன் அபராதம். ஒரு கவர்னரைச் சிறை வைத்ததற்கு விலை அவ்வளவுதான். அவர்களுக்கு அது சில்லறைக் காசு.

ஸ்டூவர்ட் ராணுவக் கோர்ட்டில் விடுதலை ஆனார். 1781-ல் ஐதர் அலியோடு நடந்த பொள்ளிலூர்ச் சண்டையில் ஒரு காலை இழந்தார். பென்பீல்டு கோடீசுவரனாகிப் பார்லிமெண்டு மெம்பரும் ஆனான். கடைசியில் எல்லாம் கரைந்து, 1810-ல் பாரிஸ் நகரில் ஏழையாகச் செத்தான். நவாபின் கடன்களைப் பற்றி 1785-ல் எட்மண்ட் பர்க் பார்லிமெண்டில் ஆற்றிய பேச்சு இன்றும் பேர்பெற்றது. அந்தப் பேச்சில் பென்பீல்டு தப்பவில்லை.

வைரம் எங்கே?

பிகட் கலியாணம் செய்து கொள்ளவில்லை. பட்டத்துக்குரிய வாரிசு இல்லை. பிரபுப் பட்டம் அவரோடு அழிந்தது. பாரனெட் பட்டம் மட்டும் தம்பி ராபர்ட்டுக்குப் போயிற்று.

அவர் இந்தியாவிலிருந்து கொண்டுபோன ஒரு பெரிய வைரம் இருந்தது. பிகட் வைரம் என்றே அதற்குப் பெயர். ஏறக்குறைய 48 காரட். வாங்க ஆள் கிடைக்காமல், பார்லிமெண்டில் சட்டம் செய்து, 1801-ல் லாட்டரி போட்டு விற்றார்கள். கை மாறி மாறி, அலி பாஷா என்ற துருக்கிச் சிற்றரசனிடம் போயிற்று. 1822-ல் அவன் கொல்லப்பட்டான். அதன்பிறகு வைரம் போன இடம் தெரியவில்லை.

பிகட்டின் உடல் சென்னைக் கோட்டையில் செயின்ட் மேரி தேவாலயத்தில் அடக்கம் ஆயிற்று. கல்லில் அவர் பெயர்கூட இல்லை. லாலியிடமிருந்து அந்தக் கோட்டையைக் காத்தவருக்கு அங்கே கிடைத்தது பெயரில்லாத கல்.

பிகட் நல்லவரா, கெட்டவரா? முதல் தடவை வந்தபோது, மற்ற வெள்ளைக்காரரைப் போலப் பணம் திரட்டினார். இரண்டாம் தடவை வந்தபோது, அதே பணம் திரட்டும் கூட்டத்தை எதிர்த்து நின்றார். முன்பு எந்த வழியில் தாம் பணக்காரர் ஆனாரோ, அந்த வழியை அடைக்கப் பார்த்தார். வழியில் நின்றவர்கள் அவரையே அடைத்து விட்டார்கள். உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்தே தீரவேண்டும். ஆனாலும் ஒன்றை மறக்கக் கூடாது. அவர் திருப்பிக் கொடுத்த அரியணைதான், பின்னால் துளஜா ராஜாவின் சுவீகாரப் பிள்ளையான சரபோஜி மன்னருக்கு வந்தது. சரசுவதி மகாலை வளர்த்த சரபோஜி அவரே.

ஆலம்பரையில் பீரங்கி ஓசை ஓய்ந்து இரண்டரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. 1805-ல் கும்பினி இந்த மாகாணத்தின் உப்பு வியாபாரத்தையும் தன் ஏகபோகம் ஆக்கிக் கொண்டது. அந்தக் கும்பினியும் போயிற்று. அதன் பிரபுக்களும் போனார்கள். மரக்காணத்துப் பாத்திகளில் மட்டும் இன்றும் வெயில் காய்கிறது. உப்பு விளைகிறது. காலையில் ஆட்கள் வந்து வாருகிறார்கள்.